வடதுருவ ஒளி: படம் எடுப்பதா, பார்த்துக்கொண்டு நிற்பதா?

இரவு வானில் ஆடும் வடதுருவ ஒளியைப் பார்க்க நார்வேயின் ட்ரோம்சோவுக்கோ ஐஸ்லாந்துக்கோ குளிர்காலத்தில் டிக்கெட் போட்டவர்கள் கிளம்பும் வாரத்தில் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: கேமராவைத் தூக்கிக்கொண்டு போவதா, வேண்டாமா? விமான டிக்கெட், ஷெங்கன் விசா, கனமான குளிர் உடைகள் என்று ஏற்கெனவே லட்சக்கணக்கில் கரைந்திருக்கும். இவ்வளவு செலவழித்துவிட்டு ஒரு நல்ல படம்கூட இல்லாமல் திரும்புவதா என்று ஒரு மனது கேட்கும். அங்கே போயும் உள்ளங்கை அளவு திரையைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கப் போகிறாயா என்று இன்னொரு மனது கேட்கும். இரண்டும் நியாயமான கேள்விகள்.

இதற்கு வழக்கமாகக் கிடைப்பது, ‘போனை உள்ளே வை, கண்ணால் பார்’ என்கிற உபதேசம். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. தாஜ்மகாலைப் படத்தில் பார்த்தாலும் நேரில் பார்த்தாலும் அதே வெள்ளைப் பளிங்குதான். அரோரா என்கிற வடதுருவ ஒளியில் கேமரா பார்ப்பது ஒன்று, கண் பார்ப்பது வேறொன்று. சில இரவுகளில் அது கேமராவுக்கு மட்டுமே சரியாகத் தெரியும். சில நிமிடங்களில் கண்ணுக்கு மட்டுமே முழுசாகத் தெரியும். எந்த நேரத்தில் எதை நம்புவது என்று புரிந்துவிட்டால், கேமராப் பையைத் தூக்குவதா வேண்டாமா என்பது தானாகத் தெளிந்துவிடும்.

கண்ணுக்குச் சாம்பல், கேமராவுக்குப் பச்சை

முதல்முறை பார்ப்பவர்களில் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். பேருந்தை விட்டு இறங்கியதும் வழிகாட்டி வடக்கே கைகாட்டி, ‘அதோ’ என்பார். அங்கே இருப்பது ஒரு வெளுத்த பட்டை. மெல்லிய மேகம் என்று நினைக்கத் தோன்றும். பக்கத்தில் நிற்பவர் செல்போனை நீட்டி மூன்று வினாடி பிடித்திருந்துவிட்டுக் காட்டினால், திரையில் பளீரென்ற பச்சை. ‘அப்படியென்றால் நெட்டில் பார்த்ததெல்லாம் ஏமாற்று வேலையா?’ என்று உடனே தோன்றும்.

ஏமாற்று என்று சொல்ல முடியாது. நம் விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள் இருக்கின்றன. கூம்புச் செல்கள் நிறம் பார்க்கும், ஆனால் அவற்றுக்கு நிறைய வெளிச்சம் வேண்டும். குச்சிச் செல்கள் மங்கிய ஒளியிலும் வேலை செய்யும், ஆனால் நிறம் சொல்லாது. மங்கலான அரோராவைப் பார்க்கும்போது வேலை செய்வது பெரும்பாலும் குச்சிச் செல்கள்தான். அதனால்தான் சாம்பல் நிறம். அதோடு நம் கண் ஒளியைச் சேர்த்துவைத்துப் பார்ப்பதில்லை. வினாடியில் ஒரு சிறு பங்கு நேரத்துக்குள் வந்ததை மட்டும் மூளைக்கு அனுப்பிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். கேமரா ஷட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீரைக் குடத்தில் பிடிப்பதுபோல், ஐந்து வினாடியோ பத்து வினாடியோ வரும் ஒளி முழுவதையும் சேர்த்துவிடுகிறது. நிறம் அங்கே உண்மையிலேயே இருக்கிறது. நம் கண்ணுக்கு அதை எடுக்கத் திராணி இல்லை, அவ்வளவுதான்.

அந்த நிறங்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகும். சூரியக் காற்றால் உந்தப்பட்டு, பூமியின் காந்தப்புலம் வழியாக இறங்கும் எலக்ட்ரான்கள் மேல் வளிமண்டலத்தில் இருக்கும் ஆக்ஸிஜன், நைட்ரஜன் மீது மோதுகின்றன. சுமார் 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்ஸிஜன் அணு 557.7 நானோமீட்டர் பச்சையை விடுகிறது. வெளிச்சம் போதுமான அளவு இருந்தால், நம் கண்ணுக்கு மிக எளிதாகப் பிடிபடும் நிறமும் ஏறக்குறைய அதுதான். 200 கிலோமீட்டருக்கு மேலே அதே ஆக்ஸிஜன் 630 நானோமீட்டர் சிவப்பை விடுகிறது. குச்சிச் செல்களுக்கு இந்தச் சிவப்பு கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது. படங்களில் பச்சைக்கு மேலே கருஞ்சிவப்பாக எழும் அந்தப் படலத்தை நேரில் பார்த்தவர்கள் குறைவு என்பதற்குக் காரணம் இதுதான். கேமராவுக்கு அது சாதாரண விஷயம்.

2024 மே 10, 11 இரவில் ஜி5 அளவிலான மிகக் கடுமையான காந்தப்புயல் வந்தபோது லடாக்கின் ஹான்லேயில்கூட வானம் சிவந்தது. அங்குள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆய்வகத்தில், முழு வானத்தையும் ஒரே படத்தில் பிடிக்கும் கேமரா அதைப் பதிவுசெய்தது. அவ்வளவு தெற்கே இருந்து பார்க்கும்போது அரோராவின் உச்சிப் பகுதியான சிவப்பு மட்டும்தான் தொடுவானத்துக்கு மேலே எட்டிப்பார்க்கும். அந்த மாதிரி இடத்தில் ‘கேமராவா கண்ணா’ என்ற விவாதத்துக்கே இடமில்லை. கேமராதான்.

ஆக, மங்கலான இரவில் கேமரா ஜெயிக்கிறது. அந்த வெளுத்த பட்டையை வெறும் கண்ணால் ஒரு மணி நேரம் வெறித்துப் பார்ப்பதில் எந்தப் புண்ணியமும் இல்லை. தாராளமாகப் படம் எடுங்கள். சந்தேகமான மேகம் அரோராதானா என்று சோதிக்கவும் செல்போன்தான் வசதி: நைட் மோடில் ஒரு படம் எடுங்கள், பச்சை விழுந்தால் அது மேகம் இல்லை.

ஆட்டம் தொடங்கிய பிறகு

எல்லா இரவும் அப்படி மங்கலாகவே இருந்துவிடாது. வில்போல் வளைந்து அமைதியாகக் கிடக்கும் ஒளிப்பட்டை ஒன்று திடீரெனக் கிளர்ந்தெழுந்து வானமெங்கும் பரவி அடங்கும் இந்தச் சுழற்சியை 1964-இல் அகாசோஃபு என்ற விஞ்ஞானி படிப்படியாக விவரித்தார். சப்ஸ்டார்ம் என்று அதற்குப் பெயர். அடிவானத்தில் கிடக்கும் வில்லின் கீழ்விளிம்பு முதலில் கூர்மையாகும், பிரகாசிக்கும். பிறகு கிழக்கிலிருந்து மேற்காக மடிப்பு மடிப்பாக ஓடத் தொடங்கும். எலக்ட்ரான்கள் அதிக வேகத்தில் வரும்போது அவை இன்னும் கீழே, 100 கிலோமீட்டருக்கும் கீழே, இறங்கி நைட்ரஜனை மோதும். அப்போது பச்சையின் அடியில் இளஞ்சிவப்பு விளிம்பு ஒன்று விறுவிறுவென்று ஓடும். அந்தக் கட்டத்தில் பனித்தரையே பச்சையாகத் தெரியும். அரோராவின் வெளிச்சத்தை நான்கு படிகளாகப் பிரிக்கிறார்கள்: முதல் படி பால்வீதி அளவு, நான்காவது முழுநிலா அளவு வெளிச்சம். மூன்றையும் நான்கையும் எட்டும்போது கூம்புச் செல்கள் விழித்துக்கொள்ளும், கண்ணுக்கும் நிறம் வந்துவிடும்.

இங்கே ஆட்டம் தலைகீழாகிவிடுகிறது. இந்த நிமிடங்களில் அரோராவின் உயிரே அதன் வேகத்தில் இருக்கிறது. பத்து வினாடி ஷட்டரைத் திறந்துவைத்தால் அந்த வேகமெல்லாம் வழிந்து ஒரே பச்சைப் புகையாக விழும். அனுபவசாலிகள் சட்டென்று ஷட்டரை ஒரு வினாடிக்கும் கீழே குறைத்து, ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, கூட்டுவார்கள். அப்போதும் கிடைப்பது ஒரு மடிப்பு மட்டும். தலைக்கு நேர் மேலே வந்துவிட்டால், கதிர்கள் எல்லாம் உச்சியில் ஒரு புள்ளியிலிருந்து நாலாபக்கமும் விரியும். கொரோனா என்கிறார்கள் இதை. 14 மில்லிமீட்டர் லென்ஸ்கூட முழு வானத்தையும் பிடிக்காது. நமக்கோ கழுத்தைத் திருப்பினால் போதும்.

இது நீடிப்பது சில நிமிடம்தான். பத்து நிமிடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதன் பிறகு வானம் முழுக்க மங்கல் திட்டுகள் விட்டுவிட்டு மினுங்கிக்கொண்டிருக்கும். அதைப் படம் எடுக்க எவ்வளவோ நேரம் இருக்கும்.

நிகழ்நேரத்தில் வீடியோ எடுக்கலாமே என்றால், எடுக்கலாம். சோனி ஏ7எஸ் வரிசை மாதிரி இருட்டுக்கென்றே செய்த கேமராவும் நல்ல லென்ஸும் இருந்தால் ஓரளவு வரும். செல்போன் வீடியோ, அரோரா மிகப் பிரகாசமாக இருந்தாலொழிய, கறுப்புத் திரையில் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும்.

படம் எடுப்பதன் விலை

ட்ரோம்சோ வடக்கே 69.6 டிகிரியில் இருந்தாலும் கடலோர வெப்ப நீரோட்டத்தால் ஊருக்குள் குளிர் அவ்வளவு கடுமையில்லை. ஆனால் கடலோரம் என்பதால் மேகமும் அதிகம். அதனால்தான் அங்கே அரோரா ‘வேட்டை’ வண்டிகள் தெளிந்த வானத்தைத் தேடி உள்நாட்டுக்கு, பல நேரம் பின்லாந்து எல்லையைத் தாண்டி, ஓடுகின்றன. அங்கே மைனஸ் இருபது என்பது சாதாரணம்.

அந்தக் குளிரில் கேமராவைக் கையாள்வது எப்படி என்று பாருங்கள். தடித்த கையுறையோடு டயலைத் திருப்ப முடியாது, தொடுதிரையும் கேட்காது. சரி என்று கழற்றினால், முக்காலியின் உலோகக் காலைத் தொட்ட விரல் சுரீரென்கும். ஃபோகஸ் தானாக விழாது. இருட்டில் லென்ஸ் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் ஓடும். ஆகவே கையால் மாற்றி, திரையில் ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அது புள்ளியாகும்வரை வளையத்தை மெல்லத் திருப்ப வேண்டும். அப்படித் திருப்பும்போது மூச்சு விட்டால் திரையில் பனி படியும். ஃபோகஸ் சரியாகும்போது விரலில் உணர்ச்சி போயிருக்கும். கையை அக்குளில் சொருகிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், காலியாக இருந்த இடத்தில் அரோரா வந்து, ஆடி, அடங்கத் தொடங்கியிருக்கும். அதற்குள் பேட்டரியும் பாதியாகியிருக்கும். குளிரில் அதன் சக்தி அவ்வளவு வேகமாகக் குறையும். மாற்று பேட்டரியைச் சட்டைக்குள், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்வதுதான் வழி.

வெளியே தெரியாத இன்னொரு விலையும் உண்டு. இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். எடுத்த படத்தைப் பார்க்க ஒருமுறை திரையை வெளிச்சமாகத் திறந்தால் அந்தப் பழக்கத்தில் பெரும்பகுதி போய்விடும். திரும்ப ஆரம்பத்திலிருந்து வர வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போனைப் பார்ப்பவர் அன்று இரவு முழுவதும் அரைக்குருடாகத்தான் வானத்தைப் பார்த்திருப்பார். ‘நேரில் அவ்வளவு நன்றாக இல்லை, படத்தில்தான் நன்றாக இருக்கிறது’ என்று சொல்பவர்களில் எத்தனை பேர் திரையைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

ஞாபகத்தைப் பொறுத்தவரை ஆய்வு முடிவுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. லிண்டா ஹென்கெல் என்ற உளவியலாளர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் பொருள்களைப் படம் எடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கிப் படம் எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. 2017-இல் பராஷ், டீல் முதலியோர் செய்த ஆய்வில், தாங்களே விரும்பிப் படம் எடுத்தவர்களுக்குக் கண்ணால் கண்டது கூடுதலாக நினைவில் நின்றது, காதால் கேட்டது குறைந்தது. அதாவது எதைப் படம் எடுப்பது என்று தேடும்போது நாம் கூர்ந்து பார்க்கிறோம். சும்மா பட்டனைத் தட்டும்போது கேமரா பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம். என் அனுபவத்தோடு இது ஒத்துப்போகிறது. நல்ல புகைப்படக்காரர்கள் கூடுதலாகப் பார்க்கிறார்கள். அவசரத்துக்குத் தட்டுபவர்கள்தான் இழக்கிறார்கள்.

காது என்றதும் ஒரு உபகதை. அரோராவிலிருந்து சிலநேரம் மெல்லிய சடசடப்பு கேட்கும் என்று வடக்கு மக்கள் காலங்காலமாகச் சொல்லிவந்தார்கள், விஞ்ஞானிகள் பலர் நம்பவில்லை. பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உண்டோ லைனே 2012-இல், அப்படிப்பட்ட ஒலிகளைப் பதிவுசெய்ததாகவும் அவை தரையிலிருந்து சுமார் 70 மீட்டர் உயரத்தில் பிறப்பதாகவும் அறிவித்தார். கேட்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் இருபது முக்காலிகளின் ஷட்டர் சத்தத்துக்கு நடுவே நின்றால் அந்தக் குறைந்த வாய்ப்பும் இல்லை.

படத்தின் பக்கம் நிற்கும் வாதம்

இதையெல்லாம் படித்துவிட்டுப் படம் எடுப்பது மட்டமான வேலை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அரோராவைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு படம் எடுத்தவர்களால் வந்தது.

1899-இல் டென்மார்க்கின் வானிலை ஆய்வு நிறுவனத்திலிருந்து ஆடம் பால்சன் தலைமையில் ஒரு குழு ஐஸ்லாந்தின் அக்குரேரிக்குப் போனது. அன்றைய கேமராவால் அந்த நிறத்தையும் அசைவையும் பிடிக்க முடியாது என்பதால் கூடவே ஹரால்ட் மோல்ட்கே என்ற ஓவியரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் இரவில் குளிரில் நின்று பென்சிலால் வேகமாகக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு, பிறகு வண்ணம் தீட்டினார். கண்ணால் பார்ப்பதா பதிவுசெய்வதா என்ற நம் குழப்பத்துக்கு அவர் நல்ல உதாரணம். பதிவுசெய்வதே வேலை, ஆனால் அதற்கு முதலில் கண்ணாலேயே பார்த்துத் தீர வேண்டும்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1892-இல், நார்வேயின் அல்டா பக்கத்தில் மார்டின் பிரெண்டல் என்ற ஜெர்மானியர் அரோராவைப் படம் பிடித்திருந்தார். மங்கலான கறுப்பு வெள்ளைப் படம்தான். 1910-இல் கணிதப் பேராசிரியர் கார்ல் ஸ்டெர்மர் அதே வட்டாரத்துக்கு வந்து, தொலைபேசியால் இணைத்த இரண்டு இடங்களிலிருந்து ஒரே நொடியில் அரோராவைப் படம் எடுக்கவைத்தார். பின்னணி நட்சத்திரங்களோடு ஒப்பிட்டால் இரண்டு படத்திலும் அரோரா கொஞ்சம் இடம் மாறியிருக்கும். அந்த வேறுபாட்டிலிருந்து அதன் உயரத்தைக் கணக்கிட்டார். மலைமேல் தொங்குவதுபோலத் தோன்றிய ஒளி தலைக்கு மேல் நூறு கிலோமீட்டரில் இருக்கிறது என்பது ஆயிரக்கணக்கான இப்படிப்பட்ட படங்களால் உறுதியானது.

நம் காலத்திலும் நடந்திருக்கிறது. கனடாவின் அல்பர்ட்டாவில் அரோரா துரத்தும் அமெச்சூர் புகைப்படக்காரர்கள், வழக்கமான பச்சைக்குத் தெற்கே ஊதா நிறத்தில் ஒரு மெல்லிய கோடு வருவதைத் திரும்பத் திரும்பப் படம் எடுத்தார்கள். என்னவென்று தெரியாததால் வேடிக்கையாக ‘ஸ்டீவ்’ என்று பெயர் வைத்தார்கள். செயற்கைக்கோள் தரவோடு சேர்த்துப் பார்த்து 2018-இல் விஞ்ஞானக் கட்டுரை வந்தபோதும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

நம்மில் பெரும்பாலோர் விஞ்ஞானத்துக்காகப் படம் எடுக்கப் போவதில்லை. வீட்டு வாட்ஸ்அப் குழுவில் அம்மாவுக்கு ஒன்று அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். அதைக் கிண்டல் செய்ய எனக்கு மனது வருவதில்லை. ஊரில் இருப்பவர்கள் வாழ்நாளில் அங்கே வரப்போவதில்லை என்றால், அவர்களுக்காக எடுக்கும் ஒரு படத்துக்கு மதிப்பு உண்டு. ஒரு படம் என்கிறேன், நானூறு இல்லை.

வடக்கே குடியிருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். நார்வேயின் வடகோடியான பின்மார்க்கில் மீன் பதனிடும் ஆலைகளில் எண்பதுகளிலிருந்தே ஈழத்தமிழர்கள் வேலை செய்திருக்கிறார்கள். வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கும் வழியில் வருகிற வெளிச்சத்துக்கு யார் முக்காலி தூக்குவார்? கேமராவா கண்ணா என்ற பதற்றமெல்லாம் சில இரவுகளுக்கு மட்டும் வந்துபோகும் நமக்குத்தான்.

நடைமுறையில் இருக்கும் வழிகள்

முழுமூச்சாகப் படம் எடுப்பது ஒரு வழி. அதற்கு மேனுவல் மோட் உள்ள கேமரா, 14 முதல் 24 மில்லிமீட்டருக்குள் அகல லென்ஸ், அதில் எஃப் 2.8 அல்லது அதற்கும் கீழே திறப்பு, ஆடாத முக்காலி. ஐஎஸ்ஓ 1600 அல்லது 3200, ஷட்டர் மூன்று முதல் எட்டு வினாடி என்று தொடங்கி, வெளிச்சத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். இந்த வாக்கியம் புரியாதவர்கள், அல்லது புரிந்தாலும் இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு அந்த பட்டன்களைத் தொட்டுச் சொல்ல முடியாதவர்கள், இந்த வழியில் போக வேண்டாம் என்பது என் கருத்து. பயணத்துக்காகப் புதுக் கேமரா வாங்கிப் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். கற்றுக்கொள்வதென்றால் இங்கேயே, மின்விளக்கு இல்லாத ஏதாவது கிராமத்தில் நட்சத்திரங்களைப் படம் எடுத்துப் பழகலாம். ஃபோகஸ், முக்காலி எல்லாம் அதே வேலைதான், குளிர் மட்டும் இருக்காது.

செல்போன் இன்னொரு வழி. இப்போதுள்ள நல்ல போன்களில் நைட் மோட் கையில் பிடித்தபடியே மூன்று வினாடி வரை சமாளிக்கும். எங்காவது அசையாமல் சாய்த்துவைத்தால் பத்து வினாடி, அதற்கு மேலும் போகும். வாட்ஸ்அப்புக்கும் சின்ன ஃபிரேமுக்கும் இது தாராளம். திரை வெளிச்சத்தை அடியோடு குறைத்துவிட்டு, எடுத்ததை அப்போதே பார்க்காமல் பையில் போட்டுவிட்டால் மேலே சொன்ன விலை பாதியாகக் குறையும். ஃபிளாஷை மட்டும் முன்கூட்டியே அணைத்துவிடுங்கள். நூறு கிலோமீட்டர் உயரத்துக்கு உங்கள் ஃபிளாஷ் எட்டாது, பக்கத்தில் நிற்பவரின் கண்ணுக்கு நன்றாகவே எட்டும்.

மூன்றாவது, வேறொருவரை எடுக்கவிடுவது. ட்ரோம்சோவில் சிறு குழுக்களாகக் கூட்டிப்போகும் வழிகாட்டிகள் பலர் விருந்தினர்களை அரோராவின் கீழ் நிறுத்திப் படம் எடுத்து மறுநாள் அனுப்பிவிடுகிறார்கள். எல்லோரும் வரிசையாக நிற்க வேண்டும், ‘அசையாதீர்கள்’ என்று சொல்லிவிட்டு ஷட்டரைத் திறப்பார், முகத்தில் ஒரு கணம் மெல்லிய டார்ச் ஒளி அடிப்பார், மூன்று நான்கு வினாடி மூச்சைப் பிடித்து நின்றால் போதும். குழந்தைகள் அசைந்துவிடுவார்கள், இரண்டு மூன்று தடவை எடுக்க வேண்டியிருக்கும். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். கையை வீசிக்கொண்டு போகலாம், நம்மைவிட நன்றாக எடுக்கத் தெரிந்தவர் எடுத்த படமும் கிடைத்துவிடும். பதிவுசெய்யும்போதே ‘படம் எடுத்துத் தருவீர்களா, எவ்வளவு பேர் வருவோம்?’ என்று கேட்டுவிடுங்கள். ஐம்பது பேர் பேருந்தில் வந்தால் உங்கள் முறை வருவதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும்.

ஏற்கெனவே நல்ல கேமரா வைத்திருந்து, அதை வீட்டில் விட்டுவிட்டு வரவும் மனமில்லாதவர்களுக்கு எனக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. முக்காலியில் நிறுத்தி, ஃபோகஸ் வைத்து, ஆறு வினாடிக்கு ஒரு படம் என்று இன்டர்வல் மோடில் ஓடவிட்டு, இருபதடி தள்ளிப் போய் நின்றுகொள்வது. ஒரு மணி நேரத்தில் அறுநூறு படம் விழும். வேகமாக ஓடும் டைம்லாப்ஸ் வீடியோவாகவும் ஆகும், நல்லதாக நாலைந்து பொறுக்கவும் ஆகும். குறைகள் உண்டு. அரோரா திடீரெனப் பிரகாசமானால் சில படங்கள் வெளுத்துவிடும், லென்ஸில் பனி படிந்தால் தெரியாமலே போகும், அது தென்புறம் தாவிவிட்டால் கேமரா வெறும் நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டிருக்கும். போகட்டும். நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் இல்லையா. விடுதிக்குத் திரும்பும்போது மட்டும் ஒன்று: கேமராவைப் பைக்குள் வைத்து இறுக மூடிய பிறகே சூடான அறைக்குள் கொண்டுபோங்கள். வெளியிலிருந்து அப்படியே கொண்டுபோனால் லென்ஸிலும் உள்ளேயும் நீர் கோத்துக்கொள்ளும். மெமரி கார்டை அதற்கு முன்பே கழற்றிக்கொண்டால் பையைத் திறக்கும் ஆசை வராது.

ஐஸ்லாந்தில் சொந்தமாகக் காரோட்டிப் போகிறவர்களுக்கு இந்த ஒப்பீட்டில் இன்னொரு கணக்கும் சேரும். ஓட்டுகிறவர் வானத்தையும் பார்க்கக் கூடாது, படமும் எடுக்கக் கூடாது. பனி உறைந்த சாலையில் பாதியில் காரை நிறுத்தி, கதவைத் திறந்து போட்டுவிட்டு இறங்கி ஓடுவது அங்கே நிஜமான ஆபத்து. ஒதுங்கும் இடம் வரும்வரை பொறுக்க வேண்டும், நின்றதும் முகப்பு விளக்கை அணைக்க வேண்டும்.

எத்தனை இரவு இருக்கிறது?

என்னைக் கேட்டால் முடிவைத் தீர்மானிப்பது இதுதான். ஒரே இரவு என்றால், கேமரா வேண்டாம். வழிகாட்டி எடுக்கட்டும், உங்கள் போனில் மங்கலான நேரத்தில் இரண்டு எடுங்கள், வில்லின் கீழ்விளிம்பு கூர்மையாகத் தொடங்கியதும் போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். மூன்று நான்கு இரவு இருந்து, கேமராவும் கைக்குப் பழகியது என்றால், முதல் நல்ல இரவைக் கண்ணுக்குக் கொடுத்துவிட்டு அடுத்ததில் படம் எடுக்கலாம். அடுத்த இரவில் மேகம் வந்துவிட்டால் என்று பயந்து வரிசையை மாற்றுபவர்களும் உண்டு. அவர்கள் தொழில்முறைக்காரர்கள் என்றால் சரி. மற்றவர்கள் மாற்றத் தேவையில்லை.

இரண்டு பேர் போனால் இன்னும் எளிது, ஆளுக்கொரு இரவு கேமராப் பொறுப்பு. பெற்றோரையும் குழந்தைகளையும் கூட்டிப்போகிறவர்கள் முக்காலியை மறந்துவிடலாம். வண்டியில் தூங்கும் பிள்ளையை எழுப்பி, பூட்ஸ் மாட்டி, அப்பாவைக் கைப்பிடித்துப் பனியில் வழுக்காமல் இறக்குவதற்கே இரண்டு கையும் போதாது.

ஆனால் இந்த விவாதம் முழுவதும் வானம் தெளிவாக இருந்தால்தான். ட்ரோம்சோ, துருவத்தைச் சுற்றி அரோரா வழக்கமாக எழும் வளையத்துக்கு நேர் கீழே இருப்பதால், காந்தப்புலக் கொந்தளிப்பை 0 முதல் 9 வரை அளக்கும் கேபி எண் ஒன்று இரண்டாக இருந்தாலே போதும். அங்கே அரோரா பெரும்பாலும் இருக்கும், மேகம்தான் எதிரி. ஆகவே புது லென்ஸ் வாங்க ஒதுக்கிய பணம் இருந்தால் அதில் இன்னும் ஒன்றிரண்டு இரவு கூடுதலாகத் தங்குங்கள். அதையும் ஒரே ஊரில் தங்காமல் ஸ்வீடன் பக்கம் அபிஸ்கோவில் வைத்துக்கொள்ளலாம். மேற்கே இருக்கும் மலைகள் மேகத்தை மறித்துவிடுவதால் அங்கே டோர்னெட்ரெஸ்க் ஏரிக்கு மேலே வானம் அடிக்கடி திறந்திருக்கும். நார்விக்கிலிருந்து கிருனா போகும் ரயில் அபிஸ்கோவில் நின்றுதான் போகிறது, ஏரியும் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான்.